தாய்ப்பால் கண்ணுக்கா, வயித்துக்கா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படித்தவள். கடன், வட்டி, வசூல் பற்றிப் பேச இங்கே நிறைய பேர் இருக்கீங்க. நான் தாய்ப்பாலை வைத்து நாம செய்யும் கைவைத்தியம் பற்றிப் பேசுகிறேன்.

பிள்ளை பெத்த வீடு என்றால் யாராவது ஒரு சின்னக் கிண்ணத்தோட வந்து நிற்பாங்க. "கண்ணு செவந்து கெடக்கு தாயி, ரெண்டு சொட்டு பீச்சிக் குடு" என்பாங்க. காது வலிக்கும் அதுதான், பிள்ளைக்கு மூக்கடைச்சாலும் அதுதான். சித்த வைத்தியத்திலும் முலைப்பாலில் இழைத்துக் கொடுக்கும் மருந்துகள் உண்டு. அதனால பெரியவங்க விவரம் இல்லாம சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். தாய்ப்பாலில் நோயை எதிர்க்கும் சத்து நிஜமாகவே இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் மஞ்சளாக வரும் சீம்பாலில் இன்னும் அதிகம். ஆனால் அந்தப் பாலில் இனிப்பும் கொழுப்பும் இருக்கு. வயித்துக்குள் போனால் அது பிள்ளைக்குச் சாப்பாடு. புண்ணான கண்ணில் விட்டால் கிருமிக்குச் சாப்பாடு.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். கதிர் அறுக்கும்போது நெல் தாளோ, கரும்புத் தோகையோ கண்ணில் அடிச்சா கருவிழியில் கீறல் விழும். அந்தக் கீறலில் பூஞ்சைக் கிருமி ஏறும். நம்மைப் போல வயக்காட்டு வேலை செய்றவங்களுக்குத்தான் இது அதிகம் வருது. அதுக்குத் தனிச் சொட்டு மருந்து இருக்கு, வாரக்கணக்கில் விடணும். மெடிக்கல் கடையில் கண்ணு சிவப்புக்குன்னு கேட்டு வாங்குறதும் வேண்டாம். சிலதில் ஸ்டீராய்டு இருக்கும், பூஞ்சைப் புண்ணை அது இன்னும் மோசமாக்கும்.

எங்க தெருவில் ஒரு பெரியப்பாவுக்கு அப்படித்தான் தாள் குத்தியது. நாலஞ்சு நாள் தாய்ப்பால் விட்டாங்க. விட்டதும் குளுகுளுன்னு இருந்துச்சாம், சரியாகுதுன்னு நினைச்சுட்டாங்க. கருவிழியில் வெள்ளை விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனாங்க. கண்ணை எடுக்காமல் காப்பாத்திட்டாங்க, பார்வை திரும்பலை. இப்போ மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட பேரன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறார்.

பிறந்த குழந்தைக்குக் கண்ணில் சீழ் வந்தாலும் பாலைப் பீச்சிட்டு இருக்கக் கூடாது, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சீழ் வடியும் காதில் பாலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்றேன். எச்.ஐ.வி. கிருமி தாய்ப்பால் வழியாகவும் பரவும். அடுத்த வீட்டுப் பாலை வாங்கும்போது இதையும் யோசிக்கணும்.

அப்போ வெளியில் போட எதுக்குமே ஆகாதான்னு கேட்பீங்க. ஆகும். பால் குடுத்துக் குடுத்துக் காம்பு வெடிச்சிருந்தால், குடுத்து முடிச்சதும் கடைசிச் சொட்டுப் பாலைத் தடவிக் காத்தாட விடலாம். செவிலியரும் இதைத்தான் சொல்றாங்க. பிள்ளை காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வுதான்னு பார்த்துக்கணும்.

மத்தபடி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணியும் வேண்டாம், சங்கில் உரைமருந்தும் வேண்டாம். வயித்துப்போக்கு வந்தால் பாலை நிறுத்துற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அதுதான் தப்பு. பாலையும் குடுத்துட்டு, செவிலியர் சொல்ற அளவு ஓ.ஆர்.எஸ். கரைசலும் குடுக்கணும். பால் கட்டி மிஞ்சுறவங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கி இருக்கு, எடை குறைஞ்சு பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே குடுக்கலாம்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. கண்ணில் அடிபட்டவங்க நாள் கடத்துறதுக்குப் பாதிக் காரணம் கையில் பஸ் காசு இல்லாததுதான். ஒரு நாள் கூலியும் போகும். இந்த மாதிரி அவசரத்துக்கு, அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல், ஊக்குநர் கையெழுத்து மட்டும் போட்டு 500 ரூபாய் உள்கடன் குடுக்கலாம்னு எங்க குழுவில் தீர்மானம் எழுதியிருக்கோம். மத்த குழுக்களும் எழுதினால் நல்லா இருக்கும்.