தளம் பதிப்போரும் முழங்காலும்

(செந்துறையில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிற்கு அழகு தருவது யாதெனின், வாயில் என்பர் சிலர். தூண் என்பர் சிலர். காலடியிற் கிடக்கும் தளத்தை நினைப்பார் அரியர். குழந்தை தவழ்வதும், விருந்தினர் இலைமுன் அமர்வதும், இறுதியில் நம்மைக் கிடத்துவதும் அதன்மீதே. அதனைப் பதிக்கும் தொழிலைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

நம் பகுதி சுண்ணாம்புக்கல் மிக்கது. பல கோடி ஆண்டுகட்கு முன் இங்கே கடல் இருந்ததென்பதற்கு அரியலூர்ப் பக்கத்துக் கற்சிப்பிகளே சான்று. அக்கல்லே சிமிட்டியாகிப் பல ஊர்களிலும் தளமாகின்றது. முன்னாளில் சுண்ணாம்பும் மணலும் கூட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் வார்த்து, கட்டையால் இடித்துத் தளமிட்டனர். இந்நாளில் டைல்ஸ் எனப்படும் தளஓடு வந்துவிட்டது. அதனைப் பதிக்கவே நம் இளைஞர் சிலர் வெளியூர்க்கும் கடல் கடந்தும் செல்கின்றனர்.

பெண் கொடுக்கும் காலத்தில் இதனை மண்வேலை என்று முகஞ்சுளிப்பார் நம்மிடை உளர். அது தகாது. அறையின் மூலை நேரோ என்றறிய, ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, குறுக்களவு 5 அடி வருகின்றதா என்று அவர் பார்க்கின்றார். யாம் கரும்பலகையில் கற்பிக்கும் கணிதம் அதுவேயன்றோ? ரசமட்டம் வைத்து மட்டம் காண்கின்றார். குளியலறையில் நீர் வடியுமாறு வாட்டம் கொடுக்கின்றார். முதல் வரிசையில் ஒரு நூல் பிசகினால் கடைசி வரிசையில் அது விரற்கடையாய்ப் பெருகும்.

இத்தொழிலுக்கு அவர் கொடுக்கும் விலை முழங்கால். மேலைநாடுகளில் கம்பளத்தைச் சுவர் முதல் சுவர் வரை விரித்து, முள் பொருந்திய கருவியை முழங்காலால் மோதி இழுத்துப் பொருத்துவதுண்டு. அமெரிக்க அரசின் தொழில்நலவாழ்வு ஆராய்ச்சி நிலையம் 1990-இல் இதுபற்றி எச்சரித்தது. அந்நாட்டு உழைப்பாளருள் கம்பளம் பதிப்போர் 10,000-க்கு 6 பேரும் இலர். முழங்கால் அழற்சிக்கு இழப்பீடு கோரியவருள்ளோ 100-க்கு 6 பேர்க்கு மேல் அவரே!

நம்மவர் கம்பளம் பதிப்பதில்லை. ஆயினும் பகல் முழுதும் மண்டியிட்டே இருக்கின்றனர். முழங்காற் சில்லின் முன்னுள்ள சிறு நீர்ப்பை ஓயாது அழுந்தி வீங்குகின்றது. ஓடறுக்கும் தூசு நுரையீரலைக் கெடுக்கின்றது.

ஆதலின் இளைஞர்காள்! முழங்காலுக்கு மெத்தைக் காப்பு அணிமின். இடையிடையே எழுந்து நடமின். ஓட்டை நீர்விட்டு அறுமின். மூக்கிற்கு முகக்காப்பு இடுமின். கூலி குறையுமென்று இவற்றைக் கைவிடற்க. நாற்பதில் கால் மடங்காதொழியின் அக்கூலி எங்ஙனம் வரும்?

1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 18 முதல் 60 வயதிற்குட்பட்டோர் அதிற் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து நிவாரணம், மக்களின் கல்வி உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியன கிட்டும். பதிவின்றி இருப்போரும், பதிவைப் புதுப்பியாது விட்டோரும் நம்மிடை உளர்.

சங்கத்தாரை ஒன்று வேண்டுகின்றேன். ஊர்தோறும் கற்ற இளைஞர் ஒருவர் முன்வந்து, தொழிலாளர் வீடுகட்குச் சென்று, விண்ணப்பம் எழுதித் தருக. திருமண மண்டபத்திற்கு நாம் திரட்டும் பொருளில் ஒரு சிறுபகுதி முழங்காற் காப்பு வாங்கச் செல்க. அடுத்த கூட்டத்திற்குள் இத்துணைப் பேர் பதிந்தனர் என்று கணக்குக் காட்டுவோமாயின், அதுவே இப்பேச்சின் பயன்.