செல்போன் படம் சரக்கை விற்கும், சரக்கைத் திருப்பியும் அனுப்பும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



சேமிப்பு, கடன் திருப்பம், தீர்மான நோட்டு எல்லாவற்றையும் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இப்போது வேறு விஷயம். உங்கள் கையில் இருக்கிற செல்போனில் நல்ல படம் எடுப்பது எப்படி, எடுத்த படத்தைத் திருத்துவது எப்படி, எந்த அளவோடு நிறுத்துவது என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று பின்னால் யாரோ கேட்பது காதில் விழுகிறது. ஒரு கதை சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்க.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம்ம குழு ஒன்று பனை ஓலைத் தாம்பூலப் பெட்டி செய்தது. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவங்க இங்கேதான் உட்கார்ந்து சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. சென்னையில் ஒரு கடைக்காரர் படம் அனுப்பச் சொன்னார். ராத்திரி அலுவலகத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் நான்தான் படம் எடுத்தேன். பெட்டி மங்கலாகத் தெரிந்தது. போனில் இருந்த ஒரு பில்டரைத் தட்டினேன். ரோஸ் கலர் ஓலை பளிச்சென்று அரக்குச் சிவப்பாக மாறிவிட்டது. "அட, ஜோரா இருக்கே" என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

அவர் ஒரு கல்யாண வீட்டுக்காக 60 பெட்டி கேட்டார். பெண்ணின் கூரைப்புடவைக்குப் பொருத்தமான அரக்குக் கலர் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். பார்சல் போய் நாலாம் நாள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. ஒரு பெட்டி 110 ரூபாய்க்குப் பேசியது. பிறகு கண்காட்சியில் 70 ரூபாய்க்குத்தான் தள்ள முடிந்தது. 60 பெட்டிக்கு 2,400 ரூபாய் நஷ்டம். போக வர பார்சல் செலவு 840. ஆக மொத்தம் 3,240 ரூபாய். ஓலையில் குறையில்லை, சாயத்தில் குறையில்லை, பின்னலில் குறையில்லை. குறை என் படத்தில். அந்த அக்காமார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நான் சமூகப்பணி படித்தவள். குழு அமைப்பது, கணக்கு பார்ப்பது, மனு எழுதுவது எல்லாம் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். படம் எடுக்க யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு டவுனில் கல்யாண போட்டோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் படம் என்றால் என்ன? நாம் வாசலில் புள்ளி வைக்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான். போனுக்குள் இருக்கிற படமும் புள்ளி வரிசைதான். 12 மெகாபிக்சல் என்று சொன்னால், நீளத்தில் 4,000 புள்ளி, அகலத்தில் 3,000 புள்ளி, மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று போன் கணக்கு எழுதி வைத்துக்கொள்கிறது. படத்தைத் திருத்துவது என்றால் அந்தக் கணக்கை மாற்றி எழுதுவது. கணக்கை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று குழுப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

1975-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர்தான் பிலிம் இல்லாத முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதில் நீளம் 100, அகலம் 100, மொத்தம் 10,000 புள்ளிதான். ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆனதாம். இன்றைக்கு நம்மிடம் இருக்கிற சாதாரண போன்கூட அதைவிட ஆயிரம் மடங்கு அதிகப் புள்ளி எடுக்கிறது. ஆகவே "108 மெகாபிக்சல் போன் வாங்கினால்தான் நல்ல படம் வரும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பித் தவணையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆல்பத்தில் வைக்கிற 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,200க்கு 1,800 இருந்தால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்க, சுமார் 22 லட்சம் புள்ளி. பத்தாயிரம் ரூபாய் போனிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

அப்போ படம் ஏன் நல்லா வரலை? வெளிச்சம்தான் காரணம். நான் கற்றதில் முக்கால்வாசி வெளிச்சத்தைப் பற்றித்தான்.

உச்சி வெயிலில் எடுத்தால் ஒரு பக்கம் வெளுத்துப் போகும், மறுபக்கம் கறுத்துப் போகும். டியூப் லைட்டில் எடுத்தால் ஒரு மாதிரி பச்சை பாயும், குண்டு பல்பில் மஞ்சள் பாயும். ஜன்னல் வெளிச்சமும் பல்பும் சேர்ந்து விழுந்தால் ஒரே பெட்டி இரண்டு கலரில் தெரியும். அதைப் பிறகு எந்தத் திருத்தத்தாலும் சரி செய்வது கஷ்டம். நல்ல இடம் நம் வீட்டிலேயே இருக்கிறது, திண்ணை! நேர் வெயில் படாமல், வானத்து வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வருகிற இடம். திண்ணை இல்லாத வீட்டில் ஜன்னல் ஓரம். காலை எட்டு மணிக்கு மேல், அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல். வீட்டு விளக்கை அணைத்துவிடுங்க. நிழல் விழுகிற பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையோ வெள்ளை வேட்டியோ பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழுந்து அந்தப் பக்கமும் தெரியும். ஸ்டுடியோக்காரர் பெரிய குடையெல்லாம் வைத்துச் செய்கிற வேலையை வேட்டி செய்துவிடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். ஊறுகாய் பாட்டிலில் பிளாஷ் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு மட்டும்தான் தெரியும், ஊறுகாய் தெரியாது.

எடுக்கும் முன்னால் லென்சைத் துடையுங்க. சிரிக்காதீங்க. எண்ணெய்க் கையோடு எடுத்த போனில் பனி மூட்டம் மாதிரி படம் வந்து, "போன் கெட்டுப்போச்சு" என்று என்னிடம் கொண்டு வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைந்தது நாலு பேர் இருக்காங்க. பழைய பருத்திச் சேலைத் துணி போதும்.

பிறகு பொருள் மேல் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் அந்த இடம் தெளிவாகும். பெரும்பாலான போனில் பக்கத்திலேயே சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே தள்ளினால் குறையும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெள்ளை வேட்டி விரித்து எடுத்தால் போன் "வெளிச்சம் ரொம்ப ஜாஸ்தி" என்று தப்பாக நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது குறியைக் கொஞ்சம் மேலே தள்ளணும். கறுப்புத் துணியில் வைத்தால் இதற்கு நேர் எதிர்.

சிவப்புப் பொருளுக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதைப் படம் எடுத்தால் பாதிப் போனில் தோலின் மினுமினுப்பு, காம்பு ஒன்றும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறது. வாங்குகிறவர் பார்ப்பதே அந்தத் தடித்த தோலையும் மினுமினுப்பையும்தான். வெளிச்சத்தை ஒரு பிடி குறைத்து எடுங்க, மிளகாய் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீங்க, இரண்டு அடி கிட்டப் போங்க. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் கை ஆடாது. பின்னால் பிளாஸ்டிக் குடம், விளக்குமாறு, தூங்குகிற வீட்டுக்காரர் எல்லாம் வராமல் பார்த்துக்கோங்க. ஒரு பொருளுக்கு ஒரே படம் போதாது. முழுப் பொருள், உள்பக்கம், அடிப்பக்கம், பின்னல் கிட்டத்தில், பிறகு கையில் பிடித்தபடி ஒன்று. கை தெரிந்தால்தான் பெட்டி எவ்வளவு பெரிசு என்று வாங்குகிறவருக்குப் புரியும்.

இனி திருத்துவது. போனின் கேலரியிலேயே திருத்தும் வசதி உண்டு. இலவசமாக வேண்டுமானால் கூகுளின் ஸ்நாப்சீட் இருக்கிறது. அதில் இருபதுக்கு மேல் கருவி இருக்கும், நமக்கு நாலு போதும். கிராப் என்பது வேண்டாத ஓரத்தை வெட்டுவது. ரொட்டேட் என்பது சாய்ந்த படத்தை நிமிர்த்துவது. பிரைட்னஸ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. நாலாவதுதான் நமக்கு முக்கியம், ஒயிட் பேலன்ஸ். படம் எடுக்கும்போதே பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்க. ஒயிட் பேலன்ஸில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அந்தத் தாளின் மேல் வைத்தால், "இதுதான் வெள்ளை" என்று புரிந்துகொண்டு மற்ற கலரையெல்லாம் அதற்கேற்ப நேராக்கும். பிறகு தாளை வெட்டி விடலாம். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த 60 பெட்டி திரும்பி வந்திருக்காது.

சாச்சுரேஷன் என்று ஒன்று இருக்கும், கலரை ஏற்றுகிற கருவி. நம் பொருளுக்கு அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. பில்டரும் அப்படித்தான். பேத்தி பிறந்தநாள் படத்துக்கு எந்தப் பில்டர் வேண்டுமானாலும் போடுங்க, நான் கேட்க மாட்டேன்.

திருத்தி முடித்ததும் பொருளைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பாருங்க. அதற்கு முன்னால் போனில் கண்ணுக்கு இதமாக மஞ்சள் திரை போட்டிருந்தால் அதை நிறுத்துங்க. அது தெரியாமல் நான் ஒரு முறை நல்ல படத்தையெல்லாம் நீலமாக்கி வைத்தேன். என்னதான் செய்தாலும் வாங்குகிறவரின் போன் திரை வேறு, நம் திரை வேறு. அதனால் பெரிய ஆர்டர் என்றால் படத்தோடு நிறுத்தாமல் சாயம் போட்ட ஓலைத் துண்டு ஒன்றைக் கவரில் அனுப்பிவிடுங்க. இப்போது அந்தக் குழு அப்படித்தான் செய்கிறது.

இப்போது வருகிற புதுப் போன்களில் ஒரு தட்டுத் தட்டினால் வேண்டாததை அழித்துவிடும் வசதியும் வந்துவிட்டது. பின்னால் நிற்கிற ஆட்டை அழிக்கலாம். பெட்டியில் இருக்கிற கறையை அழித்தால் அது பொய்.

திருத்தினதைத் தனிப் பிரதியாகச் சேமியுங்க. மூலப்படம் அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும். 2023 முதல் அதில் எச்.டி. என்ற பொத்தான் இருக்கிறது, அதைத் தட்டி அனுப்பினால் இன்னும் தெளிவாகப் போகும். முழு அளவில் போக வேண்டுமானால் டாகுமெண்டாக அனுப்புங்க. ஆனால் டாகுமெண்டாக அனுப்பும்போது, எடுத்த தேதி, நேரம், இடம் எல்லாம் படத்துக்குள் ஒளிந்தபடி கூடவே போகும். கேமராவில் இடக்குறிப்பு போட்டிருந்தால் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று முகம் தெரியாதவர்கூடத் தெரிந்துகொள்ளலாம். விற்பனைப் படத்துக்கு அதை அணைத்து வையுங்க.

அதே இடக்குறிப்பு வேறு சமயத்தில் நமக்குச் சாட்சி. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் போட்டோவோடு வருகைப்பதிவு கட்டாயமானது உங்களுக்கு நினைவிருக்கும். மழையில் சுவர் விழுந்தால், கறவை மாடு செத்தால், அந்தப் படங்களை இடக்குறிப்போடு எடுக்கணும். முதலில் தூரத்தில் நின்று முழு இடமும் தெரிகிற மாதிரி, பிறகு கிட்டத்தில். மாட்டுக்குக் காதில் போட்ட வில்லையின் எண் படிக்கிற மாதிரி ஒரு படம் கட்டாயம். இன்சூரன்ஸ் போடுகிற நாளிலேயே ஒன்று எடுத்து வையுங்க. இந்தப் படங்களில் வெளிச்சத்தைக்கூடத் திருத்தக் கூடாது. திருத்தின படம் என்று தெரிந்தால் நியாயமான கோரிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இன்னொன்று, ஆட்களைப் படம் எடுப்பது. கூட்டத்தில் எடுக்கிற படத்தை ஸ்டேட்டஸில் போடும் முன்னால் அதில் இருக்கிறவரிடம் கேளுங்க. புருஷன் கண்ணில் படாமல் குழுவுக்கு வருகிற பெண்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்காங்க. யாராவது உங்கள் முகத்தை வேறு படத்தில் ஒட்டி மிரட்டினால், காசு கொடுக்காதீங்க, பயந்து அழிச்சிடாதீங்க, அந்தச் செய்தியை அப்படியே வைத்துக்கொண்டு 1930-க்கோ, பெண்கள் உதவி எண் 181-க்கோ பேசுங்க. கூடவே எங்களிடம் வாங்க. தப்பு உங்களுடையது இல்லை.

முன் வரிசையில் ஒரு பெரியம்மா கேட்டாங்க, "எனக்குப் பட்டன் போன்தானே, நான் என்ன செய்யட்டும்?" நல்ல கேள்வி. எல்லாரும் படம் எடுக்க வேண்டியதில்லை. கணக்கெழுத ஒருவர் இருக்கிற மாதிரி, குழுவுக்குப் படம் எடுக்க ஒருவர் இருந்தால் போதும். ஆனால் அவருக்குக் கூலி போடுங்க. பல குழுவில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் ஓசியில் வேலை வாங்குறீங்க, எனக்குத் தெரியும். ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று தீர்மானம் போட்டு நோட்டில் எழுதுங்க. பெரியம்மா, உங்களுக்கும் வேலை உண்டு. படத்தையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக் கலர் சரியா என்று சொல்ல உங்களைவிட யார் இருக்கா? சாயம் காய்ச்சுகிற கை உங்களுடையதுதானே.

மணி நாலரை ஆகப் போகுது. பெட்டி, மிளகாய், ஊறுகாய் கொண்டு வந்தவங்க எல்லாரும் எடுத்துக்கிட்டு வெளித் திண்ணைக்கு வாங்க. வேட்டி ரெண்டு நான் கொண்டு வந்திருக்கேன். லென்சைத் துடைச்சிட்டு வாங்க.