வில்லைக் கீழே வைக்கும் நேரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இசையும் இளமையும்'. இளமையைப் பற்றிப் பேச இங்கே எத்தனையோ பேர் இருக்காங்க. எனக்கு 73 வயதாகிறது. அதனால், "ஐயா, முதுமையைப் பற்றிப் பேசறேனே, அது எனக்குத் தெரிஞ்ச விஷயம்" என்று கேட்டுக்கொண்டேன். பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

1973-ல் இந்தக் கல்லூரியில் பௌதிகம் முடித்தேன். வங்கியில் வேலை. மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் பிடில். தனிக் கச்சேரி வாசிப்பவன் அல்ல நான், பக்கவாத்தியக்காரன். பாடுகிறவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. வருகிற தை மாதத்தோடு பக்கவாத்தியம் வாசிப்பதை நிறுத்திக்கொள்கிறேன். இதை வெளியில் சொல்வது இந்த மேடையில்தான் முதல் தடவை. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

சங்கீதக்காரனுக்கு ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. வங்கியில் 60 வயதானதும் மாலை போட்டு, காபி கொடுத்து, காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. மேடைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. நீயாகத்தான் இறங்க வேண்டும். எப்போது இறங்குவது?

பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், அவர்கள் ஆளுக்கொரு வழி காட்டுகிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா, கணவர் சதாசிவம் 1997-ல் மறைந்த பிறகு கச்சேரி மேடை ஏறவில்லை. அப்போது அவருக்கு 81 வயது. 1908-ல் பிறந்த செம்மங்குடி மாமாவோ தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடையில் உட்கார்ந்து பாடினார். செம்பை வைத்தியநாத பாகவதருக்கு நடுவில் குரலே போய், பிறகு திரும்பி வந்தது. 1974-ல், 78 வயதில், ஒற்றப்பாலத்தில் ஒரு கோயிலில் பாடிய அன்றே காலமானார். அந்தப் பக்கம் பார்த்தால், உலகப் புகழ் பெற்ற வயலின் மேதை ஹைஃபெட்ஸ் 1972-ல், 71 வயதில் கடைசிப் பொதுக் கச்சேரியை முடித்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுப்பதைத் தொடர்ந்தார். பியானோ மேதை ஆல்ஃபிரட் பிரெண்டல் 2008 டிசம்பரில் வியன்னாவில் கடைசியாக மேடையில் வாசித்தார். அதற்கப்புறம் 2025-ல் மறையும் வரை பதினாறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். சொற்பொழிவு, எழுத்து, பாடம் என்று சுறுசுறுப்பாகவே இருந்தார்.

ஆக, வயதுக் கணக்கு இதற்கு உதவாது. உடம்புக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் பாடுகிறவர் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு.

வாய்ப்பாட்டு வித்வானுக்கு வயதாகும்போது சில சௌகரியங்கள் உண்டு. இரண்டு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கு, ஒன்றுக்கு இறங்கலாம். மேல் ஸ்தாயியில் நிற்க வேண்டிய பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டை எடுக்கலாம். பின்னால் சிஷ்யன் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற இடத்தில் தாங்கிக்கொள்வான். விளம்ப காலத்தில் நிதானமாகப் பாடினால் இளம் வயதில் வராத ஒரு கனம் கூட வரும். பக்கவாத்தியக்காரனுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. சுருதி அவருடையது, பாட்டு அவருடையது, காலப்பிரமாணம் அவருடையது. அவர் ராகம் பாடும்போது நிழல் மாதிரி பின்னாலேயே போக வேண்டும். அடுத்து எங்கே போவார் என்று முன்கூட்டித் தெரியாது. கல்பனா ஸ்வரத்தில் அவர் ஒரு கணக்கு வைத்தால், அவர் முடித்த மறு கணமே அதற்குப் பொருந்த பதில் வர வேண்டும்.

இதற்குக் காது வேண்டும். பௌதிகம் படித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இளம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று வகுப்பில் படித்தோம். வயதாக ஆக, கேள்வி மேலிருந்து கீழ்நோக்கித்தான் தேயும். எழுபதில் பலருக்கு 8,000-க்கு மேல் கேட்பது கஷ்டம். பிடிலில் நாங்கள் வாசிக்கிற ஸ்வரங்கள் அதற்கு எவ்வளவோ கீழே இருப்பவைதான்; ஆகவே ஸ்வரம் காதில் விழும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் மேலொலிகள் சேர்ந்து வருகின்றன. நாதத்துக்கு மினுமினுப்பு கொடுப்பது அவைதான். அந்த மினுமினுப்பு முதலில் மங்கும். நம் வாத்தியமே நமக்கு மந்தமாகக் கேட்கும். 'ஏன் இன்னிக்கு நாதம் எழும்பலே?' என்று வில்லை அழுத்துவோம். கேட்கிறவனுக்கோ அது கரகரப்பாக விழும்.

காது கேட்கும் கருவி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்துக்கொண்டிருக்கிறேன். பேரன் பேசுவது நன்றாகக் கேட்கிறது. ஆனால் அந்தக் கருவி மனிதப் பேச்சுக்காகச் செய்தது. சின்ன ஒலியைப் பெரிதாக்கும், பெரிய ஒலியை அடக்கும். சங்கீதத்தில் அந்தச் சின்னது பெரிதுதானே உயிர்? இப்போது வருகிற கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு. முன்னைக்கு எவ்வளவோ தேவலை. வீட்டில் பாட்டுக் கேட்க அது போதும். மேடையில் நிழலாகத் தொடர்வதற்குப் போதவில்லை.

அப்புறம் முழங்கால். சிரிக்காதீர்கள்! மேல்நாட்டுக்காரர் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, மோவாய்க்கும் தோளுக்கும் நடுவில் பிடிலைப் பிடித்து வாசிக்கிறார். நாம் சம்மணம் போட்டு, பிடிலின் தலையை வலது கணுக்கால் மேல் சாய்த்து வைத்துக்கொள்கிறோம். பிடிலைத் தாங்கும் வேலை காலுக்குப் போய்விடுவதால் இடது கை விடுதலையாகிறது. அதனால்தான் விரல் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போய் கமகம் பேசுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் பிடிலின் தலைக்கு இடமில்லை. இரண்டரை மணி நேரம் அசையாமல் சம்மணம் போட முடியாத பிடில்காரன், பாதி வித்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவன்.

சரி, இதையெல்லாம் யார் அளப்பது? இங்கேதான் சிக்கல். சபாக்காரர் கூப்பிடுகிறாரே என்பது அத்தாட்சி ஆகாது. அவர் விசுவாசத்துக்காகக் கூப்பிடுவார், பெயருக்காகக் கூப்பிடுவார், போன வருஷப் பட்டியலைப் பார்த்தும் கூப்பிடுவார். கைதட்டலும் அத்தாட்சி ஆகாது. முப்பது வருஷம் முன்னால் நான் வாசித்த கல்யாணிக்கு இன்று கைதட்டுகிற ரசிகர்கள் உண்டு, அவர்கள் புண்ணியவான்கள். வீட்டு அம்மாவைக் கேட்டால் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுவாள். சிஷ்யன் வாயைத் திறக்கவே மாட்டான்.

65 வயதானபோது இரண்டு ஏற்பாடு செய்துகொண்டேன். ஒன்று, ஒலிப்பதிவு. ஒவ்வொரு கச்சேரிப் பதிவையும் பத்து நாள் கழித்துத்தான் கேட்பது. சூடு ஆறியிருக்கும், யாரோ ஒருவன் வாசிப்பைக் கேட்பதுபோல் கேட்கலாம். மூன்றே இடம் பார்ப்பேன்: மேல் ஸ்தாயியில் சுருதி, ஸ்வரத்தில் பதில், கடைசி அரை மணி நேரத்துத் தெம்பு. ஒரு நோட்டில் தேதி போட்டு 'சரி', 'சுமார்' என்று குறித்து வந்தேன். ஒரு நாள் சுமார் என்றால் உடம்பு சரியில்லை என்று விட்டுவிடலாம். தொடர்ந்து நாலு கச்சேரி சுமார் என்றால் அதற்கு வேறு அர்த்தம்.

இரண்டாவது, ஒரு மனிதர். என்னோடு இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் எதிரே உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரிடம் சொன்னேன்: "தம்பி, எனக்காக நீ சமாளிக்க ஆரம்பிக்கிற அன்னிக்கு என்கிட்ட சொல்லிடணும். கோபிச்சுக்க மாட்டேன். ஏன்னு கேக்கமாட்டேன்." அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கெல்லாம் ரொம்ப நாள் இருக்குண்ணா" என்றார்.

எட்டு வருஷம் அவர் எதுவும் சொல்லவில்லை. போன ஆடியில் ஒரு நாள் காலையில் போன். ஊர் நலம், மழை, காபித்தூள் விலை எல்லாம் பேசியாயிற்று. மனுஷன் போனை வைக்கிறதாக இல்லை. அப்புறம் மெதுவாக, "அண்ணா, நீங்க கேட்டதுனால சொல்றேன். ஸ்வரத்துல உங்க பதிலுக்கு நான் காத்திருக்க ஆரம்பிச்சிருக்கேன். வேற யாருக்கும் தெரியலே. எனக்குத் தெரியுது" என்றார்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொல்லியிருந்தது. "சரி தம்பி, ரொம்ப நன்றி" என்றேன். அந்தப் பக்கம் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான்தான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று! அவ்வளவு பெரிய உபகாரத்தை என் சங்கீத வாழ்க்கையில் வேறு யாரும் செய்ததில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதை மறைப்பானேன்? 'மேடை இல்லாவிட்டால் நான் யார்?' என்ற கேள்வி ஒரு வாரம் உட்காரவிடவில்லை. மார்கழியில் மற்றவர்கள் சால்வையோடு போய்க்கொண்டிருக்க, நாம் வாசலில் நின்று பார்ப்பதா என்ற பயம்தான். பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு முடியாமல் போனது உடனுக்குடன் தொடர்கிற அந்த ஒரு வேலைதான். என் குருநாதரிடம் கற்ற பாடாந்தரம் அப்படியே இருக்கிறது. நிதானமாக ஒரு ராகம் வாசிக்கிற கை இருக்கிறது. பையன்கள் வாசிப்பதில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று சொல்கிற புத்தி இருக்கிறது. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் போனது ஒன்று, மிஞ்சியது மூன்று.

அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். ஒப்புக்கொண்ட கச்சேரிகளை முடித்துக்கொடுக்கிறேன். அவற்றில் மிருதங்கம் அந்தத் தம்பிதான். புதிதாக எதுவும் ஏற்கவில்லை. எந்த வித்வானுக்கு நிரந்தரமாக வாசித்து வந்தேனோ, அவரிடம் ஆறு மாதம் முன்னதாகவே நேரில் போய்ச் சொல்லி, நன்றாக வாசிக்கிற இரண்டு இளைஞர்களை அறிமுகப்படுத்தினேன். பிரிவுபசார விழா வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இனி வாரத்தில் நாலு நாள் பாடம். கைவசமுள்ள கீர்த்தனைகளை ஒவ்வொன்றாக, அலங்காரம் இல்லாமல், வாசித்துப் பதிவு செய்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் தெருக் கோயிலில் இருபது நிமிஷம். அம்பாள் என்னிடம் கணக்குக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் நிறுத்த முடிந்ததற்கு முக்கியக் காரணம் வங்கி ஓய்வூதியம். என்னைவிடச் சிறந்த வித்வான்கள் பலருக்கு அது இல்லை. கச்சேரி நின்றால் அடுப்பு நிற்கும் என்பதால் வலியோடு மேடையேறுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து, "இன்னும் ஏன் வாசிக்கிறார்?" என்று யாரும் கேட்காதீர்கள். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மாத உதவி தருகிறது, நல்ல காரியம். வசதியுள்ள முன்னாள் மாணவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒரு வயதான வித்வானை அமர்த்திக்கொண்டால், அதுவும் ஒரு ஓய்வூதியம்தான். மரியாதையோடு வருகிற ஓய்வூதியம்.

மாணவர்களே, உங்களுக்கு இருபது வயது. இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று தோன்றும். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டராகப் போகிறவர் இங்கே இருக்கலாம், விமானம் ஓட்டப் போகிறவர் இருக்கலாம், என்னைப் போல் ஒரு கலையைப் பிடித்துக்கொள்கிறவர் இருக்கலாம். எல்லோருக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை. சம்பாதிக்கிற முதல் மாதத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பணம் இருந்தால்தான் நேர்மையாக முடிவெடுக்க முடியும். உங்களிடம் உண்மையைச் சொல்கிற ஒரு ஆளை, கை நன்றாக ஓடுகிற காலத்திலேயே தேடிக்கொள்ளுங்கள். கை தடுமாறுகிற நாளில் போய்த் தேடினால் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் அவர் சொல்வதை நம்ப மனம் வராது.

என் வயது நண்பர்களே, உங்களில் இன்னும் ராத்திரியில் கார் ஓட்டுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்!

ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுத்திவிட்ட வித்வான் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போங்கள். பழைய பெருமையைப் பேச வேண்டாம். "போன வாரம் அந்தப் பையன் தோடி பாடினானே, கேட்டீங்களா?" என்று ஆரம்பியுங்கள். அது போதும், அவர் இரண்டு மணி நேரம் பேசுவார்.

தை மாதக் கச்சேரிக்கு வருகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுங்கள். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொள்ள வேண்டாம். எதிரே மிருதங்கம் வாசிக்கிறவர் ஏற்கெனவே இளகிய மனசுக்காரர்.