மண் கற்பித்த தொழில்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையிலே செய்து முடித்த காரியங்களை எடுத்துரைப்பதே வழக்கம். நாமோ இன்று செய்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க விரும்புகின்றோம்.

எமது ஊர்க் கோயில் ஒன்றின் வெளிவீதியிலே இரண்டு பெரிய மரங்கள் நின்றன. இலை உதிர்ந்து குப்பை சேருகின்றது, திருவிழாக் காலத்தில் பந்தல் போட இடைஞ்சலாக இருக்கின்றது என்று கூறி அவற்றைத் தறித்தோம். பின்பு வீதி முழுவதற்கும் சீமெந்து இட்டோம். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. அந்த ஆண்டு மாரி வந்தது. கோயிலுக்குக் கீழ்ச் சரிவிலே வாழும் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் ஒரு நாட் காலை வந்து, "தம்பிமாரே, மழை பெய்தால் கோயில் தண்ணியெல்லாம் எங்க குசினிக்குள்ளதான் வருது" என்றார். நாம் சென்று பார்த்தோம். அவருடைய வீட்டுப் பின்புறத்து மண்மேட்டிலே கை நுழையும் அளவிற்கு ஒரு வெடிப்பும் கண்டிருந்தது.

அந்தத் திருப்பணிக்கு மேசன் வந்தார், மின்சார வேலைக்காரர் வந்தார், வர்ணம் பூசுபவர் வந்தார். ஆனால், "இங்கே விழுகின்ற மழை எங்கே போகும்? இந்த மரத்தின் வேர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றது?" என்று கேட்க ஒருவரும் வரவில்லை. நாமும் அத்தகைய ஒருவரைத் தேடவில்லை. அப்படிக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கின்றார்கள் என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

இத்தொழிலை நிலத்தோற்றக் கலை என்பர். பூஞ்செடி வைத்து முற்றத்தை அலங்கரிப்பது மாத்திரமே இது என்று எண்ணுதல் தவறாகும். நிலத்தின் சரிவு, மண்ணின் தன்மை, நீரின் ஓட்டம், மரஞ்செடிகளின் இயல்பு, மனிதரின் தேவை ஆகிய ஐந்தையும் ஒருங்கே ஆராய்ந்து, எதை எங்கே அமைக்கலாம், எங்கே அமைத்தலாகாது என்று கூறுவதே இதன் பணி. அமெரிக்க நாட்டிலே பிரெடரிக் லோ ஓம்ஸ்டெட் என்பார், கல்வர்ட் வோக்ஸ் என்பாருடன் சேர்ந்து 1858ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் நடுப்பூங்காவிற்கு வரைபடம் தீட்டியபின் இது ஒரு தனித்தொழிலாக வளர்ந்தது. தந்தை தொடங்கிய தொழிலை அவருடைய மைந்தர் இருவரும் நிறுவனமாக நடத்தினர்.

ஆயினும், அமெரிக்கா வரை சென்றுதான் இதனை அறிய வேண்டும் என்பதில்லை. எமக்கு அண்மையிலே, மகாவலி வளைந்து செல்லும் பேராதனையில், 1821ஆம் ஆண்டிலே அலெக்சாண்டர் மூன் என்பார் தாவரத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பின் மலைநாட்டிலே காடுகளை வெட்டிக் கோப்பி நட்டனர். 1869இல் கோப்பிக்கு இலைநோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தக் கோப்பியையும் தேயிலையையும் நட்டுப் பேணிய கைகளுட் பெரும்பாலானவை எம் முன்னோருடைய கைகளே என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்திலே, 1873இல், தாவர நூல் வல்லுநராகிய ஜோசப் ஹூக்கர் என்பார் ஆங்கில அரசுக்கு ஓர் ஆலோசனை கூறினார். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்காது விட்டுவிட வேண்டும் என்பதே அது. அரசும் அவ்வாறே ஆணை பிறப்பித்தது. ஹோர்ட்டன் சமவெளி இன்று காடும் புல்வெளியுமாக நிற்பதற்கு அந்த ஆலோசனையும் ஒரு காரணம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் தருவது அந்தச் சமவெளியே. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழே நாம் காணும் நீரிலே, ஒருவர் "வெட்டாதே" என்று சொன்ன சொல்லும் கலந்து ஓடுகின்றது. சுற்றாடல் ஆலோசனை என்பது இதுதான். "செய்" என்பது மட்டும் ஆலோசனையன்று. "செய்யாதே" என்பதும் ஆலோசனையே.

இனி, அத்தகைய ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்று எவ்வாறு வளர்கின்றது என்பதற்குத் தமிழகத்திலிருந்து ஒரு சான்று காட்டுவோம்.

புதுச்சேரிக்கு அருகே 1968ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் ஓரோவில் என்னும் குடியிருப்பு தொடங்கப்பெற்றது. அந்நாளில் அவ்விடம் மரமற்ற செம்மண் மேடாகக் கிடந்தது. வடகீழ்ப் பருவமழை பெய்யும்போதெல்லாம் மேல்மண் அரித்துச் செல்லப்பட்டுக் கடலிற் கலந்தது. மழைநீர் அறுத்த பள்ளங்கள் எங்கும் வாய் பிளந்து நின்றன. அங்கே, பிச்சாண்டிக்குளம் என்ற இடத்தில், அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து வந்த ஜோஸ் புரூக்ஸ் என்பார் 1973இல் குடியேறி, அயற்கிராமத்து மக்களுடன் சேர்ந்து மரம் வளர்க்கத் தலைப்பட்டார்.

அவ்வட்டாரத்திலே மரம் வளர்த்தவர்கள் முதலிற் செய்த வேலை மரம் நடுவதன்று, வரப்புக் கட்டுவது. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே ஊறவேண்டும் என்று மண்வரப்புகளை எழுப்பினர். பின்னர், விரைந்து வளரும் வேலமர இனங்களை அவுஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்டு நிழல் உண்டாக்கினர். அந்த நிழலிலே அம்மண்ணுக்கே உரிய பழைய மரங்களை வளர்த்தனர். அந்தப் பழைய மரங்களின் விதைகள் எங்கே கிடைத்தன? கோயிற் காடுகளிலே கிடைத்தன. சோழமண்டலக் கரையின் பழங்காடு ஏறக்குறைய முற்றும் அழிந்த பின்னரும், புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு போன்ற சில இடங்களில் அது எஞ்சி நின்றது. தெய்வத்துக்கு அஞ்சி மக்கள் வெட்டாது விட்ட மரங்களே பிற்காலத்துக்கு விதையாயின. கோயில் வீதியில் மரம் தறித்த எமக்கு இதனைச் சொல்லும்போது நா கூசுகின்றது.

பிச்சாண்டிக்குளத்தில் ஏறத்தாழ 70 ஏக்கர் நிலம் காடாயிற்று. 1993 முதல் மூலிகைகளைக் காக்கும் நிலையமும் அங்கே நடைபெறலாயிற்று. அதன் பின்னரே பிறர் வந்து, "எங்கள் நிலத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டனர். அவ்வாறு எழுந்ததே பிச்சாண்டிக்குளம் வன ஆலோசகர்கள் என்னும் நிறுவனம். இந்த முறையை இளைஞர்கள் உற்று நோக்க வேண்டும். முதலிற் பெயர்ப்பலகை மாட்டிப் பின்பு தொழில் கற்றவர்கள் அல்லர் அவர்கள். தம் நிலத்திலே நட்டு, பட்டுப்போனதைப் பார்த்து, மறுபடியும் நட்டு, அந்த அனுபவத்தையே முதலாகப் போட்டார்கள்.

அவர்கள் மேற்கொண்ட பெரும்பணிகளுள் ஒன்று சென்னையில் உள்ளது. அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஓடைப் பகுதி நெடுங்காலமாகக் குப்பையும் இடிந்த கட்டடக் கழிவும் கொட்டும் இடமாய், சாக்கடை நீர் தேங்கும் இடமாய்க் கிடந்தது. அதில் 58 ஏக்கரை மீட்கும் திட்டத்தை வகுப்பதில் இவர்கள் ஈடுபட்டனர். கழிவுகளை அகற்றினர், நீர் பரவுவதற்கு இடம் அகழ்ந்தனர், உவர்நீர்க் கரையிலே கண்டலும், மேட்டு நிலத்திலே கரையோரக் காட்டு மரங்களும் நட்டனர். 2011 ஜனவரியில் அது தொல்காப்பியப் பூங்கா என்ற பெயருடன் திறக்கப்பெற்றது. ஊஞ்சலும் சிற்றுண்டிச் சாலையும் நிறைந்த பூங்கா அன்று அது. பள்ளிப் பிள்ளைகள் வந்து நீரையும் நிலத்தையும் பற்றிக் கற்றுச் செல்லும் இடம். ஊற்றுப்போன ஓடை ஒன்று மீண்டும் பறவைக்கும் நண்டுக்கும் இருப்பிடமாயிற்று.

அன்பர்களே, இவற்றையெல்லாம் நாம் கூறுவது பிறரைப் புகழ்வதற்காக மாத்திரம் அன்று. எமது மலைநாட்டின் நிலையைச் சற்றே எண்ணுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணுள் மறைந்தன. 2016 மே மாதத்தில் அரநாயக்கையில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டமும் பெருந்துயர் கண்டது. பெருமழையை மனிதர் தடுக்க முடியாது. ஆனால், மலையின் அடியை வெட்டி வீடு கட்டுவதும், நீரோடும் வழியை மண்ணிட்டு மூடுவதும் மனிதர் செய்பவையே. அக்குறணைப் பக்கமிருந்து வரும் பிங்கா ஓயா எவ்வளவு அழுக்கைச் சுமந்து மகாவலியிற் சேருகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டு அந்த நீரைத் தடுத்துச் சுரங்க வழியாக வடக்கே அனுப்புகின்றது. எமது ஊரின் அழுக்கு எமது ஊரோடு நிற்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1980இல் தேசிய சுற்றாடல் சட்டம் நிறைவேறியது. 1988இல் செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, குறித்த பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் 30 நாட்களுக்குப் பார்வையிட்டுக் கருத்துக் கூறலாம். மண்சரிவு அபாயமுள்ள இடத்திலே கட்டடம் எழுப்புவதற்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவர் யார்? திட்டத்தைச் செய்ய விரும்புபவரே. கூலி கொடுப்பவர் முன்னிலையில் "இது கூடாது" என்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? இத்தொழிலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது. நோயாளிக்குப் பிடித்த மருந்தை மாத்திரம் கொடுக்கும் வைத்தியன் நெடுநாள் நிலைக்க மாட்டான். அதுபோலவே, கேட்டவர் விரும்பிய விடையை எழுதிக் கொடுக்கும் ஆலோசகர் பொருள் சேர்க்கலாம். ஆனால் அவர் கையொப்பமிட்ட மலை ஒருநாள் சரிந்து அவரைக் காட்டிக்கொடுக்கும். இளமையிலே ஒழுக்கம் பயின்றவர்களே இத்தொழிலுக்கு வேண்டும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை டாக்டராக வேண்டும், இஞ்சினியராக வேண்டும், கணக்காளராக வேண்டும் என்று விரும்புகின்றீர்கள், அது நியாயமே. ஆனால், ஒரு பிள்ளை மண்ணையும் மரத்தையும் படிக்க விரும்பினால், "தோட்டத்து வேலையை விட்டு வெளியே வரவா உன்னைப் படிக்கவைத்தோம்?" என்று கேட்டுவிடாதீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே நிலத்தோற்றக் கலைக்குப் பட்டப்படிப்பு உண்டு. பாட்டன் மண்வெட்டியால் அறிந்த மலையைப் பேரன் வரைபடத்தாலும் அறியட்டும். அது பின்னடைவு அன்று; உரிமை.

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று வேலைகள். ஒன்று: வரும் மாரியிலே குடை பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் தெருவில் நீர் எங்கே தொடங்கி எங்கே போகின்றது, எங்கே மேடு வெடித்திருக்கின்றது என்று ஒரு கொப்பியிலே குறியுங்கள். இரண்டு: எமது பகுதியைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டால், மன்றத்திலிருந்து இருவராவது சென்று படித்து எழுத்தில் கருத்துக் கொடுங்கள். மூன்று: நாம் தொடக்கத்திற் கூறிய கோயில் வீதியின் கீழ்ப்புறத்தில் சீமெந்தைப் பெயர்த்து, நீர் ஊறுவதற்கு இடம் விட்டு, மரம் நடுவதற்கு நிருவாகத்தினர் இசைந்திருக்கின்றனர். எங்கே பெயர்ப்பது, எந்த மரத்தை நடுவது என்பதை இம்முறை அறிந்தவரைக் கேட்டே செய்வோம். வரும் சனிக்கிழமை காலையில் மண்வெட்டியுடன் வாருங்கள்.

அந்த அம்மையாரையும் அழைத்திருக்கின்றோம். முதற் கன்றை அவர் கையாலேயே நடுவிக்க எண்ணியுள்ளோம். அவர் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். நாமும் வருவோமா?