பல்லை எண்ணிப் பாத்து பிளேடு வாங்குங்க!

(குடுமியான்மலையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துல ஒரு விஷயம் பேசினோம். நம்ம குழுக்கள் சில சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை போடலாம், இரும்புக் குழாயில ஆட்டுத் தீவனத் தொட்டிக்கு ஸ்டாண்டு, கேட்டு, கட்டில், பெஞ்சு செஞ்சு விக்கலாம்னு. எல்லாரும் கை தூக்கினீங்க. அப்போ ஒரு அக்கா எழுந்து, "தேய்க்கிறது, பெயிண்ட் அடிக்கிறது நாங்க பாத்துக்கிறோம் சார். வெட்டுறதுக்கு மட்டும் ஒரு ஆம்பளைய சம்பளத்துக்கு வச்சிருவோம்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினீங்க. இன்னிக்கு நான் பேச வந்தது அந்தத் தலையாட்டலைப் பத்தித்தான்.

வெட்டுற இடத்துலதான் ஒரு பட்டறையோட லாபமும் நஷ்டமும் இருக்கு. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு குழாய் 6 மீட்டர் நீளம். அதுல 30 சென்டிமீட்டர் துண்டு 20 வேணும். 20 துண்டுக்கு 19 வெட்டு. கட்டிங் மெஷின்ல போடுற வட்ட வீல் சுமார் 3 மில்லிமீட்டர் கனம். அந்த 3 மில்லிமீட்டர் இரும்பு ஒவ்வொரு வெட்டிலும் தூளாப் போயிடும். 19 வெட்டுக்கு 57 மில்லிமீட்டர். அப்போ கடைசித் துண்டு 30 வராது, 24 சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். அது பழைய இரும்புக்குத்தான் போகும். இது தெரிஞ்சவங்க அளவு குறிக்கும்போதே கணக்குப் பண்ணிக்குவாங்க. தெரியாதவங்க மாசக் கடைசியில "எங்க போச்சு காசு?"ன்னு தேடுவாங்க. வெட்டுற வேலை நமக்குத் தெரியலேன்னா கணக்கும் நம்ம கையில இல்லேன்னு அர்த்தம்.

"இது நமக்கு வருமா?"ன்னு யோசிக்கிறீங்க. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துப் பொம்பளைங்க கேக்கக் கூடாத கேள்வி இது. 1990களின் தொடக்கத்துல, அறிவொளி இயக்கம் நடந்தப்போ, இந்த மாவட்டத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. ஊரே கேலி பண்ணுச்சு, அவங்க நிறுத்தல. அதே காலத்துல கல் உடைக்கிற பெண்கள் குழுவாச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினாங்க. உங்கள்ல சில பேரோட அம்மாவோ மாமியாரோ அதுல இருந்திருப்பாங்க. அவங்க ஓட்டுன சைக்கிளோட பிரேம் என்ன? அளவா வெட்டி ஒட்டுன இரும்புக் குழாய்தான். சைக்கிளுக்கும் மத்த வேலைக்கும் குழாய் செய்ய 1955லயே சென்னைக்குப் பக்கத்துல ஆவடியில ஒரு ஆலை வந்தாச்சு. நமக்குப் பக்கத்துல திருச்சி பெல் ஆலையில பாய்லருக்குக் குழாய் வெட்டுறதும் வளைக்கிறதும் அன்றாட வேலை. குழாய் வெட்டுறது ரகசிய வித்தை இல்ல. முறை தெரியணும், அவ்வளவுதான்.

முறை தெரியாம நான் பட்ட பாட்டையும் சொல்லிடுறேன். சில வருஷத்துக்கு முன்னால வேற ஒரு ஒன்றியத்துல இதே மாதிரி ஒரு குழு. பிளேடு வாங்குற பொறுப்பை நான் எடுத்துக்கிட்டேன். நான் படிச்சது சமூகப்பணி. இரும்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இருக்கிறதுலயே விலை குறைஞ்ச ஹாக்ஸா பிளேடு 2 டஜன் வாங்கிட்டு வந்தேன். பெருமையாக் கொண்டு போய்க் குடுத்தேன். 4 நாள்ல பாதி காலி. பல்லு பல்லாக் கொட்டிப் போச்சு. ஒரு பிளேடு பட்டுனு ஒடிஞ்சு ஒரு தங்கச்சிக்கு விரல்ல 3 தையல். எல்லாரும் "இது பொம்பளைங்களுக்கு சரிப்படாது"ன்னு சொன்னாங்க. அப்புறம் ஒரு வயசான பிட்டர் வந்து பிளேடைக் கையில வாங்கிப் பாத்தார். "இது கெட்டி இரும்புக்கு உள்ள பிளேடு. மெலிசுக் குழாய்க்கு இதை யார் வாங்கினது?"ன்னு கேட்டார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். தப்பு அவங்க கையில இல்ல, நான் வாங்கின பிளேடுல இருந்துச்சு.

அவர் சொல்லிக் குடுத்ததையும், பின்னாடி நான் பழகிக்கிட்டதையும் இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

முதல்ல பல்லை எண்ணுங்க. நெல் அறுக்கக் கருக்கரிவாள் எடுப்பீங்க. விறகு வெட்ட அதை எடுப்பீங்களா? மாட்டீங்க. பிளேடும் அப்படித்தான். ஹாக்ஸா பிளேடுல ஒரு அங்குலத்துக்கு 14, 18, 24, 32 பல்லுன்னு வகை இருக்கு. பிளேடு மேலேயே போட்டிருக்கும். குழாயோட தகடு கனத்தைக் கடையில கேஜ்னு சொல்வாங்க. நூல் நம்பர் கூடக் கூட நூல் மெலிசாகுற மாதிரி, கேஜ் நம்பர் கூடினா தகடு மெலிசு. 14 கேஜ் சுமார் 2 மில்லிமீட்டர், 16 கேஜ் சுமார் 1.6, 18 கேஜ் சுமார் 1.2.

எப்பவும் குறைஞ்சது ரெண்டு மூணு பல்லு இரும்பு மேல படணும். 18 பல்லு பிளேடுல ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல சுமார் 1.4 மில்லிமீட்டர். 18 கேஜ் தகடு 1.2தான். அப்போ தகடு ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற சந்துல விழுந்து மாட்டிக்கும். நாம தள்ளுவோம், பல்லு ஒடியும். எனக்கு நடந்தது இதுதான். அதனால 18 கேஜுக்கும் அதைவிட மெலிசுக்கும் 32 பல்லு, 16, 14 கேஜுக்கு 24 பல்லு, கெட்டிப் பட்டைக்கும் ஆங்கிளுக்கும் 18 பல்லுன்னு வச்சுக்கங்க. மெலிசுக் குழாயில 32 பல்லு பிளேடை நேரா வச்சாக்கூட ஒண்ணரைப் பல்லுதான் படும். கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா கூடுதல் பல்லு படும்.

ரெண்டாவது, பிளேடு எதுல செஞ்சதுன்னு கேளுங்க. சாதா கார்பன் ஸ்டீல் பிளேடு விலை குறைவு, சீக்கிரம் மழுங்கும். முழுசும் கெட்டியான ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடு நல்லா வெட்டும், ஆனா வளைஞ்சா ஒடியும். பைமெட்டல்னு ஒண்ணு இருக்கு. பல்லு மட்டும் கெட்டி, முதுகு வளைஞ்சு கொடுக்கும். புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு இதுதான் நல்லது. விலை கூடன்னு பயப்படாதீங்க. ஒரு பேச்சுக்கு, 20 ரூபா பிளேடு 10 வெட்டு வெட்டுதுன்னா ஒரு வெட்டுக்கு 2 ரூபா. 80 ரூபா பிளேடு 100 வெட்டு வெட்டினா ஒரு வெட்டுக்கு 80 காசுதான். பிளேடு விலையைப் பாக்காதீங்க, வெட்டு விலையைப் பாருங்க.

மூணாவது, மாட்டுற முறை. பல்லோட முனை கைப்பிடியை விட்டு வெளியே பாத்து இருக்கணும். தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தாதீங்க, பல்லுதான் தேயும். பிளேடு தொங்காம விறைப்பா முறுக்குங்க. குழாயை வைஸ்ல அசையாம பிடிங்க. நிமிஷத்துக்கு 40, 50 தள்ளு போதும். பிளேடோட முழு நீளத்தையும் பயன்படுத்துங்க. நடுவுல மட்டும் தேய்ச்சா அங்க மட்டும் மழுங்கிப் பிளேடே வீணாப் போகும். உருண்டைக் குழாயை ஒரே மூச்சுல அறுக்காதீங்க. தகடு அறுந்ததும் குழாயைக் கொஞ்சம் திருப்பி வச்சு அறுங்க. சதுரக் குழாயா இருந்தா ஒவ்வொரு பக்கமாத் திருப்பி அறுங்க.

ஒரு முக்கியமான சங்கதி. பாதி வெட்டுல பிளேடு ஒடிஞ்சா, புதுப் பிளேடைப் பழைய வெட்டுல விடாதீங்க. தேஞ்ச பிளேடு போட்ட வழி குறுகலா இருக்கும். புதுப் பிளேடு அதுல சிக்கி உடனே ஒடியும். குழாயைத் திருப்பி அடுத்த பக்கத்துல இருந்து ஆரம்பிங்க.

இப்போ மெஷினுக்கு வருவோம். வேலை கூடினா 14 அங்குல கட்டிங் மெஷின் வேணும். அந்த வீல் மேல அதிகபட்சம் எவ்வளவு வேகத்துல சுத்தலாம்னு போட்டிருக்கும். மெஷினோட வேகம் அதுக்கு மேல இருக்கவே கூடாது. பல்லு வச்ச வட்ட பிளேடு மாட்டினா சீக்கிரம் வெட்டும்னு சில பேர் சொல்வாங்க. அந்தப் பிளேடு 14 அங்குலத்துல நிமிஷத்துக்கு சுமார் 1300, 1500 சுத்துக்கு உள்ளது. நம்ம கட்டிங் மெஷின் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஓடும். மாட்டினா பல்லு குண்டு மாதிரி பறக்கும். மரம் அறுக்கிற பிளேடும் வேண்டவே வேண்டாம்.

வீல்ல காலாவதித் தேதி போட்டிருக்கும், மருந்துக்குப் பாக்குற மாதிரி அதையும் பாருங்க. ஈரம் படாம படுக்க வச்சு அடுக்குங்க. கீழ விழுந்த வீல், ஓரம் பிஞ்ச வீல் இருந்தா ரெண்டா உடைச்சுப் போட்டுடுங்க, வேற யாரும் தெரியாம எடுத்து மாட்டக் கூடாது. புது வீல் மாட்டினா ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு, நேரா நிக்காம ஓரமா நின்னு பாருங்க. நீளக் குழாயோட அடுத்த முனைக்கு அதே உயரத்துல ஒரு முட்டு வைங்க, இல்லேன்னா வெட்டு இறுகி வீலைக் கவ்விக்கும். இந்த மெஷின் 2000 வாட்டுக்கு மேல இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கு, சரியான எர்த் இல்லாம ஓட்டாதீங்க. வோல்டேஜ் குறைஞ்ச நேரத்துல மோட்டார் திணறும், அப்போ அழுத்தாம நிறுத்திடுங்க.

நாளைக்கு ஆர்டர் பெருகி பேண்ட்சா வாங்கினா, அதோட தூளைப் பாருங்க. சுருள் சுருளா வெள்ளி நிறத்துல வந்தா சரி. மாவு மாதிரி வந்தா அழுத்தம் போதல. நீலமாக் கருகி வந்தா அழுத்தம் கூடுதல். புது பிளேடை முதல்ல பாதி அழுத்தத்துல பழக்கணும், புது மருமகளை முதல் நாளே மொத்த வேலையும் செய்யச் சொன்னா ஆகுமா? கூலண்ட் கலக்கும்போது தண்ணியில எண்ணெயை ஊத்துங்க, எண்ணெயில தண்ணியை ஊத்தினா சரியாக் கலக்காது. சாயங்காலம் வேலை முடிஞ்சா பிளேடோட முறுக்கத் தளர்த்தி, தூளைப் பிரஷ்ஷால தட்டிடுங்க. வெறுங்கையால தள்ளாதீங்க.

நம்ம உடம்பு எல்லாத்துக்கும் மேல. முந்தானையை இடுப்புல இறுக்கிச் செருகி, மேல பருத்தி ஓவர்கோட் போடுங்க. நைலக்ஸ் புடவை வேண்டாம், ஒரு பொறி பட்டா உருகி தோலோட ஒட்டிக்கும். பின்னலைக் கொண்டை போடுங்க. தொங்குற வளையல், செயினைக் கழட்டி வைங்க. சுத்துற மெஷின் கிட்ட துணிக் கையுறை போடாதீங்க, இழுத்துக்கிட்டுப் போயிடும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாம மெஷினைத் தொடக்கூடாதுன்னு குழுத் தீர்மானமே எழுதுங்க. வெட்டின ஓரத்துப் பிசிறை அரத்தால ராவிட்டுத்தான் குழாயை அடுத்தவங்க கையில குடுக்கணும்.

கடைசியா ஒண்ணு. சேமிப்புக்கும் உள்கடனுக்கும் நோட்டு போடுறோம். அதே மாதிரி பிளேடுக்கும் ஒரு நோட்டு போடுங்க. எந்தத் தேதியில மாட்டினோம், எத்தனை வெட்டு வெட்டுச்சு, எதனால வீணாச்சு, இந்த மூணு வரி போதும். 3 மாசத்துல எந்தப் பிளேடு நமக்கு லாபம்னு அந்த நோட்டே சொல்லிடும். அப்புறம் கடையில யாரும் உங்களை ஏமாத்த முடியாது, என்னை மாதிரி விவரம் தெரியாத ஒருங்கிணைப்பாளரும் உங்க காசை வீணாக்க முடியாது.

இந்தக் குடுமியான்மலைப் பாறையில இசைக் கல்வெட்டைப் பாத்திருப்பீங்க. நூற்றுக்கணக்கான வருஷம் ஆகியும் எழுத்து நிக்குது. அதை வெட்டின உளியும் மழுங்கித்தான் இருக்கும், திரும்பத் திரும்பத் தீட்டித்தான் வெட்டியிருப்பாங்க.

அடுத்த வாரம் அந்தப் பிட்டரையே கூட்டிட்டு வர்றேன். ஒரு வைஸ், ரெண்டு பிரேம், மூணு வகை பிளேடு இருக்கும். போன கூட்டத்துல எழுந்து பேசின அக்கா இருக்காரே, முதல் வெட்டு அவர்தான் வெட்டணும்னு கேட்டுக்கிறேன். சரிதானே அக்கா?