ஈன்ற பசுவைக் காத்தல்
(அமிர்தியில் பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கடன் வாங்கி வாங்கிய பசு கன்று ஈன்ற மறுநாளே மடிந்துபோனால், பால் நின்றுவிடும், கடனோ நிற்காது. ஆகையால் ஈற்றை ஒட்டி வரும் இரண்டு வியாதிகளைப் பற்றியும், அவற்றில் நம் மூலிகைகள் எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது பால் காய்ச்சல். பெயர் காய்ச்சலாயினும் உடம்பில் சூடு இராது. காதும் மூக்கும் சில்லிட்டுவிடும். பின்னங்கால்கள் தள்ளாடும், பிறகு பசு படுத்து, தலையை விலாப்பக்கம் மடக்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஈன்ற மூன்று நாட்களுக்குள் இது வரும். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, அதிகப் பால் கறக்கும் பசுக்களும், ஜெர்சிக் கலப்பினங்களும் விசேஷமாய் இதற்கு ஆளாகும்.

காரணம் எளிது. பசுவின் இரத்தத்தில் ஓடும் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 3 கிராம்தான். 10 லிட்டர் சீம்பாலிலோ 20 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. எலும்பிலுள்ள இருப்பு உடனே கரைந்து வராவிடில் பசு விழுகிறது. 1897-இல் டென்மார்க்கு தேசத்து ஷ்மிட் என்னும் வைத்தியர் மடிக்குள் மருந்து செலுத்திக் குணப்படுத்தினார். பின்னர் மடியில் காற்றடைத்தே குணங் கண்டனர். மடியில் அழுத்தம் மிகுந்தால் பால் சுரப்பு நின்று, சத்து வெளியேறுவதும் நிற்கும். உண்மைக் காரணம் சுண்ணாம்புக் குறைவே என்பது 1925-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. அது முதல் கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவதே முறையான சிகிச்சையாயிற்று.

ஆகவே விழுந்த பசுவுக்கு எந்த மூலிகையும் போதாது. அதற்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். மூங்கிற் குழாயால் கஷாயம் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்று உயிரைப் போக்கும். பசுவை ஒருக்களித்துக் கிடக்க விடாமல், வைக்கோல் மூட்டைகளை அண்டைகொடுத்து நெஞ்சின்மேல் உட்காரவைத்து, உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் வைத்திய வண்டியின் உதவியைப் பெறலாம்.

சினைப்பசுவுக்குச் சுண்ணாம்புச் சத்தை வாரி வழங்குவது நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். ஈற்றுக்கு முந்தைய மூன்று வாரங்களில் இது தீமையே. உணவிலேயே தாராளமாய்க் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை உடல் கைவிட்டுவிடும். இவ்வுண்மை 1954-இல் ஆராய்ச்சியால் காட்டப்பட்டது. ஆதலால் அகத்தி, முருங்கைத் தழைகளை அவ்வாரங்களில் மட்டாகவும், ஈன்றபின் தாராளமாகவும் கொடுங்கள்.

இரண்டாவது கீட்டோசிஸ். ஈன்ற சில வாரங்களுக்குள் பசு முதலில் தீவனத்தை வெறுக்கும், வைக்கோலை மட்டும் கடிக்கும், இளைக்கும், பால் குறையும், மூச்சில் பழவாடை வீசும். உண்பதைவிடக் கறப்பது மிகும்போது, உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தைக் கெடுப்பதே இதற்குக் காரணம். வெல்லத்தை மட்டும் கரைத்துக் கொடுப்பதால் அதிகப் பிரயோஜனமில்லை. அது பசுவின் பெருவயிற்றிலேயே புளித்து விடுகிறது. இரத்தத்தில் சர்க்கரையாய்ச் சேருவது சொற்பம்.

ஆனால் பசியைத் தூண்டுவதில் மூலிகைக்கு இடமுண்டு. இஞ்சி, மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள், வெற்றிலை, பிரண்டை இவற்றை அரைத்து, வெல்லம் சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கி, கல்லுப்பில் தொட்டு நாக்கின்மேல் தடவுவது மரபு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்தகைய மரபு வைத்தியத்தைக் கற்பித்து வருகிறது. ஒரு நாளில் பசி திரும்பாவிட்டால் வைத்தியரை நாடுக.

பிரண்டைக்காகக் காட்டுக்குள் அலைய வேண்டியதில்லை. அமிர்தியைச் சூழ்ந்திருப்பது காப்புக்காடு. ஒரு துண்டுத் தண்டை வேலியோரம் நட்டாலே கொடி படரும். ஈற்றுக்கு முன் பசுவை அதிகமாய்க் கொழுக்கவிடாதீர்கள். ஈன்றபின் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சாமை வைக்கோலோடு பசுந்தழையும் சேருங்கள்.

சங்கம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அங்கத்தினர்களின் பசுக்கள் ஈனும் தேதியைப் பால் கணக்கோடு எழுதிவைத்து, அந்த மூன்று நாட்களிலும் அண்டை வீட்டார் இரவில் ஒருமுறை தொழுவத்தை எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பசு விழுந்த சில மணி நேரத்துக்குள் மருந்து ஏறினால் பெரும்பாலும் எழுந்து நிற்கும். விடியும்வரை அறியாதிருந்தால் உயிருக்கு ஆபத்து மிகும். இவ்வேற்பாட்டை இன்றே தீர்மானிப்பீர்களென நம்புகிறேன்.