துறைமுகமும் மகமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வர்த்தகர்கள் ஊரின் சமூக வாழ்வையும் பண்பாட்டையும் ஏன் தாங்க வேண்டும் என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு எம்மைப் பணித்திருக்கிறார்கள். ஒரு நாளாவது கடையிலிருந்து தராசு பிடித்தறியாத வாலிபர்கள் வியாபாரிகளுக்குப் புத்தி சொல்வதா என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் முதலாளிமார் எண்ணக்கூடும். நாம் புத்தி சொல்ல வரவில்லை. ஒரு பழைய கணக்கை நினைவூட்டவே வந்தோம்.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை எந்த வணிகரும் தோண்டவில்லை. அஃது இயற்கையின் கொடை. அதுபோலவே, ஒவ்வொரு கடைக்காரரும் தம் தொழிலுக்கு முதலாகக் கொள்ளும் வேறொன்றையும் அவர் தனியே உண்டாக்கவில்லை. அதுதான் ஊரவரின் நம்பிக்கை. வாடைக்காலத்திற் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும்போது, கடற்றொழிலாளியின் வீட்டுக்கு அரிசியும் மாவும் கடனாகப் போகின்றன. கடைக் கொப்பியில் ஒரு வரி எழுதப்படுகிறது. ஈடுமில்லை, சாட்சியுமில்லை. கடல் அடங்கியதும் காசு வந்து சேருகிறது. ஏன் வருகிறது? ஒரே தேரின் வடத்தைப் பிடித்தவர்கள், ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போய் நிற்பவர்கள், ஒருவரையொருவர் ஏமாற்ற வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கமே எந்த வங்கியும் தரமுடியாத முதல்.

அம்முதல் அழிந்தால் என்ன நேரும் என்பதை நாம் நூல்களிற் படிக்க வேண்டியதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிற் கூடும் ஊர் இது. 1983 தொடக்கம் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில், ஒருவர் தெருவுக்கு மற்றவர் போக அஞ்சிய நாட்களை இங்குள்ள பெரியோர்கள் கண்டிருக்கிறீர்கள். அச்சம் குடிகொண்ட இடத்தில் நிறைந்த களஞ்சியமும் வெறும் சுவர்தான்.

ஆகவே, மக்கள் அச்சமின்றித் தொழில் செய்து தம் ஊரிலேயே வாழ்வது சமூக நிலைபேறு. அவர்தம் மொழியும் வழிபாடும் கலையும் கைவினையும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வது பண்பாட்டு நிலைபேறு. இவை இரண்டும் இன்றேல் வியாபாரத்துக்கு நிற்க நிலமில்லை.

எம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். இம்மாவட்டத்துக்கு அப்பால், பதவியாவிலும் வாகல்கடவிலும், ஐந்நூற்றுவர் என்னும் வணிக கணத்தாரைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டுக்கள் கிடைத்துள்ளன. கடல் கடந்து தாய்லாந்திலே, தக்குவா பா என்னுமிடத்திற் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அதன் காவலில் மணிக்கிராமம் என்ற வணிக கணத்தாருக்கும் பங்கு இருந்ததையும் கூறுகிறது. பொருள் விற்கப் போன இடத்திலே, ஊரவர் நீர் உண்ணும் குளத்தைக் காப்பதும் வணிகரின் கடமை என்று அவர்கள் கருதினார்கள்.

பிற்காலத்தில் இந்த எண்ணம் ‘மகமை’ என்ற வழக்கமாய் நிலைத்தது. விருதுநகர் வியாபாரிகள், கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்கிவந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்த சத்திரிய வித்தியாசாலைக்கு அத்தகைய பொதுப்பணம் உதவியது. வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியும் உதவியது. 1903இல் அவ்வூரிற் பிறந்த காமராசர் அப்பாடசாலையிலே பயின்றவர். பின்னாளில் ஒரு மாகாணம் முழுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த பெருமகனை, வியாபாரிகளின் சில்லறைக் காசும் சேர்ந்தே வளர்த்தது.

மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள் நாம். வாரந்தோறும் தேவாலயத் தட்டில் விழும் சிறு காணிக்கையின் வலிமையை அங்கே கண்டோம். சிறிது சிறிதாயினும் தவறாது கொடுப்பவர்களின் தருமம் நிலைக்கிறது. இதை அயலவரிடம் கற்க வெட்கப்பட வேண்டியதில்லை. நம் மகமையும் இதுவே.

இனி எம் ஊரைப் பாருங்கள். பிரித்தானியர் சீனக்குடாவிலே பெரும் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். 1957இல் அவர்கள் கடற்படைத் தளத்தைக் கையளித்துப் போனபோது, அதனை நம்பியிருந்த பலர் வேலையிழந்தனர். தாங்கிகளிற் பெரும்பகுதி பல தசாப்தங்கள் காடு மூடிக் கிடந்தது. மறுபுறம், 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலோ, 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. 341 ஆண்டுகள் அதனைக் காத்தது கல்லா? இல்லை, ஊரவரின் நினைவு. தேவை முடிந்ததும் விட்டுப்போன இரும்பு துருப்பிடித்தது. மக்கள் தமதென்று பற்றியது மறுபடி எழுந்தது.

இன்று மீண்டும் பெரிய முதலீடுகள் எம் கரைக்கு வருகின்றன. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பலர் 2015ஆம் ஆண்டு முதலே மண்ணுக்குத் திரும்பினர். அங்கு எண்ணியிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இற் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. வெளிச்சம் வரட்டும், வரவேற்போம். ஆனால் அந்த வெளிச்சத்தில் சம்பூர்ப் பிள்ளைக்குத் தொழில் உண்டா, மாட்டுக்கு மேய்ச்சல் உண்டா, அம்மன் கோயிலுக்குப் போகும் வழி உண்டா என்று கேட்பது எம் உரிமை. விடை சொல்வது வருபவர் கடமை.

“வரி கட்டுகிறோம், 2022 நெருக்கடியில் நொந்துபோனோம், இன்னுமா?” என்று வர்த்தகப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மகமையின் சிறப்பே அதற்கு விடை. அது விற்பனையிற் பங்கு. வியாபாரம் மெலிந்தால் அதுவும் மெலியும், கொழுத்தால் கொழுக்கும். எவரையும் அது வருத்துவதில்லை. நாம் வேண்டுவன மூன்று. பங்கை ஆண்டுதோறும் ஒழுங்காக ஒதுக்குங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குங்கள். கரையிலோ காணியிலோ கைவைக்குமுன் அங்கு வாழ்பவரைக் கேளுங்கள். உபயகாரரின் பெயரை மின்குமிழில் எழுதி வெளிச்சத்தை மறைக்கும் தருமம் போதும்.

இளைஞர்களே, எம் முகத்தையும் கண்ணாடியிற் பார்ப்போம். பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் கடைகடையாய் ஏறியிறங்கினோமே, விழா முடிந்தபின் ஒரு கடைக்காவது கணக்குக் கொண்டுபோனோமா? ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் கொட்டிய பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பண்ணிசை பழக்கியிருக்கலாம்? கொடுத்தவர் கை சுருங்கியதில் எமக்கும் பங்குண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். வாங்கியவர்க்கும் அந்த அளவு வேண்டும்.

ஆதலின், இவ்வாண்டு முதல் எமது வரவு செலவை ஒரு தாளில் எழுதி, நன்கொடை தந்த ஒவ்வொரு கடைக்கும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று இச்சபையில் வாக்களிக்கிறோம். அதை வாசித்துப் பார்த்து, திருப்தியானால் மட்டும் அடுத்த ஆண்டு மகமை தாருங்கள். கடைக் கொப்பியில் ஊரவர் பெயரை நம்பி எழுதிய நீங்கள், எம் பெயரையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கடன் தீர்ப்போம்.